கருப்பன் நொண்டிய வருஷம்

கள்ளிக்கரைக் கருப்பனுக்கு முத்திருளனைப் பிடிக்கவில்லை. இதில் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. முத்திருளனே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மதுரைக் காளவாசலைத் தாண்டி மேற்கே மூன்று கல் நடந்தால் கள்ளிக்கரை. அங்கே வைகாசிப் பொங்கலன்று, உச்சி வேளையில், கருப்பன் ஓர் ஆள் மேல் இறங்கி, மழை உண்டா, மாட்டுக்கு நோவு உண்டா என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இறங்குவதற்குக் கருப்பனுக்கென்று ஒரு வீடு உண்டு. அது முத்திருளன் வீடு. அவன் அய்யா மேல் இருபது வருஷம் இறங்கியது. அய்யா ஆடினால் கருவேல முள்ளா, காய்ந்த கட்டையா என்று பார்க்கமாட்டார். எல்லாவற்றின் மேலும் ஆடுவார். ஆடி முடிந்து சாமி மலையேறியதும் கம்மாய்க் கரையில் போய் உட்கார்ந்து, "முத்து, ஊக்கு எடுத்துட்டு வாடா" என்பார். முள்ளை முத்திருளன்தான் எடுப்பான். ஊக்கு பட்டதும் அய்யா, "அய்யய்யோ, மெதுவாடா! கொல்லாதடா!" என்று கத்துவார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஊரே காலில் விழுந்த ஆள் அவர்.

அந்த அய்யா ஒரு மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பூசாரி விருமாண்டி, அய்யாவின் வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்து முத்திருளன் கையில் மாட்டி, "இனிமே நீதாண்டா" என்றார். முத்திருளன் அப்போது அழுதுகொண்டிருந்தான். "காப்புப் போட்டவன் அழுகக் கூடாதுப்பா" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நிறுத்திக்கொண்டான். நிறுத்தியது அப்படியே நின்றுவிட்டது.

மறுவருஷம் வைகாசியில் கச்சை கட்டி, சலங்கை கட்டி, அரிவாளைக் கையில் கொடுத்து நிறுத்தினார்கள். உறுமிக்கார ஜெயக்கொடி அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்று உறுமினார். நாலு ஊருக்குக் கேட்டது. கருப்பனுக்கு மட்டும் கேட்கவில்லை. முத்திருளன் ஒரு நாழிகை நேரம் நின்றான். அவனுக்கு வந்தது பசி ஒன்றுதான்.

அடுத்த வருஷம் கொஞ்சம் முன்னேற்றம். கண்ணைச் செருகி, தோளைக் குலுக்கி, முதல் அடி எடுத்து வைத்தான். கூட்டம் குலவை போட்டது. அந்த நேரம் பார்த்து மூக்கின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. முத்திருளன் அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் ஈயை ஓட்டினான்.

குலவை நின்றது. சாமி வந்தவன் ஈ ஓட்டமாட்டான் என்பது கள்ளிக்கரையில் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று பொங்கலுக்கு மூத்த வீட்டில் சாமி இறங்கவில்லை என்றால் காப்பு இளைய வீட்டுக்குப் போய்விடும். இளைய வீட்டில் அவன் சித்தப்பா மகன் முத்துக்கருப்பன் தயாராக இருந்தான். அவனுக்கு உறுமிகூட வேண்டாம், டீக்கடையில் தகரத்தைத் தட்டினாலே தோள் துடிக்கும். "அண்ணே, சாமி வரலையேன்னு கவலைப்படாதீக. வீட்டுக்கு வழி தெரியாம எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கு" என்று ஆறுதல் சொல்வான். முத்திருளனின் ஆத்தா சோலையம்மாள் அந்த வருஷத்திலிருந்து தண்ணீர் எடுக்க ஊர்க் கிணற்றுக்கு விடியுமுன்னே போய் வந்தாள். யார் முகத்திலும் விழிக்க வேண்டாமே.

மூன்றாவது பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஏன் சேருகிறாய் என்று கேட்டார் எழுத்தர். "கருப்பனுக்குப் பயந்துங்க" என்றான் முத்திருளன். எழுத்தர் யோசித்துப் பார்த்து, 'ராஜபக்தி' என்று எழுதிக்கொண்டார்.

பட்டாளம் அவனை பெங்களூருக்குக் கொண்டுபோய் சாப்பர் ஆக்கியது. அதாவது, மற்றவர்கள் நடக்கப் பயப்படுகிற இடத்தில் முதலில் போய் மிதிவெடியைத் தோண்டி எடுக்கிறவன். கையில் காப்போடுதான் போனான். எகிப்து, இத்தாலி என்று சுற்றி, ஜெர்மன்காரன் கையைத் தூக்கிய பிறகு, நாற்பத்தைந்தாம் வருஷக் கோடையில், கிரேக்கக் கடலில் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். பாறை, வெள்ளைச் சுவர், ஆடு. ஆட்டுக்கு என்ன தின்னக் கிடைக்கிறது என்பது ஆட்டுக்குத்தான் தெரியும். தீவுக்காரர்களின் பிழைப்பு கடலில் முங்கிப் பஞ்சு எடுப்பது. கடல் பஞ்சு என்று ஒன்று உண்டு, பாறையில் வளர்கிறது, வெள்ளைக்காரன் அதை வைத்துத்தான் முதுகு தேய்க்கிறான். அந்தப் படகுகள் நிற்கிற கரை முழுக்க ஜெர்மன்காரன் வெடியைப் புதைத்துவிட்டுப் போயிருந்தான். படகைத் தொட முடியாமல் ஊர் இரண்டு வருஷமாகப் பட்டினி.

முத்திருளன் கூட்டம் இருபத்திரண்டு நாள் மண்டியிட்டு அந்தக் கரையைச் சுரண்டியது. கடைசி வெடியை எடுத்த சனிக்கிழமை, ஒரு கிழவி வந்து ஒவ்வொரு சாப்பரின் கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். ஹவில்தார் 'அட்டென்ஷனில்' நின்று வாங்கிக்கொண்டார். நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் சாராயக் கடைக்கு வர வேண்டும் என்று ஊர் அழைத்தது.

முத்திருளனோடு போனவன் ஜலீல். மதுரையில் காஜிமார் தெருக்காரன். முத்திருளனுக்கு நாலு வயது மூத்தவன். ஊரில் இருந்தவரை ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. எகிப்து மணலில் பார்த்ததும், 'மாமா', 'மாப்ள' ஆகிவிட்டார்கள். ஜலீலுக்குக் கிரேக்கம் தெரியும் என்று கம்பெனி முழுக்கப் பேர். தெரிந்த கிரேக்கமெல்லாம் எகிப்தில் கிரேக்கக் கடைக்காரர்களிடம் பேரம் பேசிச் சேர்த்தது. விலை என்ன, விலை அதிகம், நாளைக்கு வாரேன், உங்க அப்பா சௌக்கியமா.

கடை என்றால் நம்ம ஊர்க் கள்ளுக்கடை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போன முத்திருளன் வாசலிலேயே நின்றுவிட்டான். பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் இருந்தன. தாடி வைத்த பாதிரியார் முதல் பெஞ்சில் கிளாஸோடு இருந்தார். வாசலில் கயிறு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி எட்டுக்கால் மீனைக் காயப்போட்டிருந்தார்கள்.

"மாமா, இதை நீங்க திங்கலாமா?"

"எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் இதைப் பார்த்தார்னா ரெண்டு நாளைக்குக் கிதாபு புரட்டுவார். அதுவரைக்கும் எனக்கு ரொட்டி போதும்" என்றான் ஜலீல்.

முத்திருளன் கையில் ஒரு சின்ன கிளாஸ் வந்தது. சோம்பு வாசம். தண்ணீர் ஊற்றியதும் பாலாக வெளுத்தது. வயிற்றுவலிக்கு ஆத்தா கொடுக்கிற கஷாயம் போல இருக்கவே, மரியாதைக்கு ஒரு வாய் குடித்தான். ஒரே ஒரு வாய். பின்னால் நடந்ததற்கு அந்தக் கிளாஸ் காரணமில்லை என்று ஜலீல் இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வான்.

மூலையில் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் பிடில். ஒருவரிடம் பானை வயிறும் நீளக் கழுத்துமாக, வீணைக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு வாத்தியம். மூன்றாமவர் கையால் தட்டுகிற ஒரு தோல். ஊர் கையைக் கோத்துக்கொண்டு வட்டமாக ஆடியது. ஹவில்தாரையும் இழுத்துக்கொண்டார்கள், அவர் 'லெப்ட் ரைட்' போட்டே சமாளித்தார். எல்லாம் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது, சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் ஆள் கையைத் தூக்கினான்.

முப்பது வயது இருக்கும். வலது கால் விளங்காது. ஆழத்தில் முங்கி அவசரமாக மேலே வந்தால் பஞ்சுக்காரர்களுக்கு இப்படி ஆகிவிடும் என்று பிறகு தெரிந்தது. பெயர் ஸ்டமாத்திஸ். அவன் வாத்தியக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இடத்தைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தார்கள். நீளக் கழுத்து வாத்தியம் மெதுவாக வேறு ஒரு நடைக்குப் போனது. முத்திருளன் விரலால் எண்ணிப் பார்த்தான். ஒன்பது. எட்டில் முடியும் என்று பார்த்தால் ஒன்று மிச்சம் இருந்தது. அந்த ஒன்றில்தான் உயிர் இருந்தது.

ஸ்டமாத்திஸ் காலை இழுத்துக்கொண்டு நடுவில் வந்தான். இரண்டு கையையும் பருந்து மாதிரி விரித்தான். கண் சொருகியது. சுற்றினான், சாய்ந்தான், விழப்போனான், விழவில்லை. குனிந்து தரையை அறைந்தான். நாலைந்து பேர் மண்டி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்கள். மற்றபடி யாரும் மூச்சு விடவில்லை.

முத்திருளனுக்கு உள்ளங்கால் வரை புல்லரித்தது. "மாமா" என்றான். "சாமி இறங்கிருச்சு."

"மாப்ள, உக்காரு."

"பாத்தீகளா, ஈ உக்காந்திருக்கு. ஓட்டலை!"

உண்மைதான். ஸ்டமாத்திஸின் நெற்றியில் ஓர் ஈ இருந்தது. அது எழுந்து போவதும் வந்து உட்காருவதுமாக இருந்தது. அவன் கவனிக்கவே இல்லை. முத்திருளனுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதற்கு ஒரு சாமி அகப்பட்டிருக்கிறது. எந்த ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன? சாமிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமலா இருக்கும்?

ஒருவன் பாட்டுக் கேட்டு ஆடுகிறபோது அந்தப் பாட்டு முடிகிறவரை அது அவனுக்குச் சொந்தம். நடுவில் வேறொருவன் எழுந்து வந்தால் கத்திக்குத்து வரை போகும் என்பது அந்தத் தீவின் வழக்கம். முத்திருளனுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கள்ளிக்கரை வழக்கம். மேஜை மேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்தான். நேரே நடுவே போனான். ஆடுகிறவன் காலில் தண்ணீரை ஊற்றினான். சாஷ்டாங்கமாக விழுந்தான்.

"சாமி! வந்திருக்கது யாரு? எங்க கருப்பன் ஏன் எம்மேல வரமாட்டேங்குது? நாங்க என்ன குத்தம் செஞ்சோம்? சொல்லு சாமி!"

வாத்தியம் நின்றது. கை தட்டினவர்களில் ஒருவன் எழுந்தான். அவன் கை இடுப்புக்குப் போனது. பாதிரியார் கிளாஸைக் கீழே வைத்தார். ஸ்டமாத்திஸ் கண்ணைத் திறந்து, தன் நனைந்த செருப்பையும் அதைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற சாப்பரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜலீல் ஓடிவந்தான். உயிர் போகிற அவசரத்தில், தன்னிடம் இருந்த கிரேக்கம் முழுவதையும் செலவழித்தான். அவன் சொன்னது, சொன்னபடியே: "இவன். அப்பா. செத்துப் போச்சு. சாமி, வீட்டுக்கு. வரலை. நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன். வரலை. அஞ்சு வருஷம். இவன் அப்பா சௌக்கியம் இல்லை." கடைசியில் வாய்ப்பழக்கத்தில், "விலை அதிகம்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

எழுந்து நின்றவனின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. முந்தின நாள் முத்தம் கொடுத்த கிழவி மூக்கை உறிஞ்சினாள். விலை அதிகம் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

ஸ்டமாத்திஸ் விளங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஜலீலுக்குப் புரிய வேண்டும் என்று அவனும் ஒவ்வொரு வார்த்தையாகவே, கையால் ஜாடை காட்டிச் சொன்னான். ஜலீல் தமிழாக்கினான்.

"சாமி இல்லையாம் மாப்ள. தம்பியாம். பட்டினி தாங்காம, நத்தை பொறுக்கக் கரைக்குப் போனானாம். வெடி. போன மார்கழியில. நீ நேத்து மண்ணைச் சுரண்டின அதே கரைதான். இன்னைக்குத்தான் அவன் விழுந்த இடத்துல கால் வைக்க முடிஞ்சுதாம். அதான் தம்பிக்காக ஆடுறான்." மறுபடி காது கொடுத்துக் கேட்டு, "உங்கய்யாவுக்காக நீ ஆடினியான்னு கேக்கறான்."

"எங்கய்யாவுக்கா? சாமிக்குத்தான ஆடச் சொன்னாக" என்றான் முத்திருளன், படுத்தபடியே.

அதை ஜலீல் எப்படிச் சொன்னானோ தெரியாது. ஸ்டமாத்திஸ் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை சொன்னான். அந்தப் பாட்டு இனி இவனுடையது என்று அர்த்தம். அந்தத் தீவில் ஒருவன் இன்னொருவனுக்குத் தன் ஆட்டத்தைக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லையாம். பாதிரியாரே பிறகு சைகையில் சொன்னார்.

முத்திருளன் எழுந்திருக்கவில்லை. "திருநீறு குடுக்கச் சொல்லுங்க மாமா. இல்லாம எந்திரிச்சா ஆகாது."

ஜலீல் தலையில் அடித்துக்கொண்டு, கணவாய் மீன் சுட்டுக்கொண்டிருந்த கரியடுப்பைக் காட்டினான். ஸ்டமாத்திஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் அதிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பல் எடுத்து அவன் நெற்றியில் பூசினான். மீன்வாசம் தூக்கியது. முத்திருளன் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தான்.

கையை விரித்தான். ஆட்டம் தெரியாது, பார்த்ததைத்தான் செய்தான். ஒன்பதில் சுற்றினான். ஸ்டமாத்திஸ் எங்கே காலை இழுத்தானோ அங்கே இவனும் இழுத்தான். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்தான். மூன்றாவது சுற்றில் பட்டாள பூட்ஸுக்குள் என்னவோ குத்தியது, ஆணியாக இருக்கும். உடனே, "அய்யய்யோ, மெதுவாடா, கொல்லாதடா" என்று அய்யா கத்துகிற சத்தம் காதில் கேட்டது. கம்மாய்க் கரை, அந்த ஊக்கு, அய்யாவின் தோல் தடித்த உள்ளங்கால். இனிமேல் அந்தக் காலில் முள் எடுக்க வேலை இல்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. பதினாறாம் நாள் நிறுத்திவைத்த அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆடிக்கொண்டே அழுதான். ஸ்டமாத்திஸ் மண்டியிட்டுக் கை தட்டினான். பாட்டுக் கூத்தெல்லாம் தனக்கு ஆகாது என்று சொல்லிக்கொள்கிற ஜலீல், ரொட்டி இருந்த தகரத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு ஒன்பதாக அடித்துக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற அன்று ஸ்டமாத்திஸ் துறைமுகத்துக்கு வந்தான். கைமுட்டி அளவு ஒரு காய்ந்த பஞ்சை முத்திருளன் கையில் வைத்து அழுத்திவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

முத்திருளன் நாற்பத்தாறு பங்குனியில் ஊர் வந்து சேர்ந்தான். சோலையம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னடா இது, தேனடையா?"

"கடலுக்குள்ள வளர்றது ஆத்தா."

"இதைத் தூக்கிக்கிட்டு வரவா நாலு வருசம் ஆச்சு?"

அதற்குள் ஊர்க் கூட்டம் கூடிவிட்டது. பட்டாளத்தில் இருந்த வருஷங்களைத் தப்பிய பொங்கலாகக் கொள்ளலாமா கூடாதா என்று வழக்கு. கருப்பன் கடல் கடந்து போய் இறங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று பூசாரி விருமாண்டி தீர்ப்புச் சொன்னார். ஆக, வருகிற வைகாசிதான் மூன்றாவது. அதுதான் கடைசி.

அன்றைக்கு முத்துக்கருப்பன் சலவை வேட்டி கட்டி, முன்வரிசையில் நின்றான். ஜலீல் காஜிமார் தெருவிலிருந்து ஒரு தகர டப்பா நிறையப் பேரீச்சம்பழத்தோடு வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்து டப்பாவைக் காலி செய்துவிட்டான். முத்திருளனுக்குக் கச்சை கட்டினார்கள். சோலையம்மாள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கடைசியில் நின்றாள். முன்னால் வர அவளுக்குத் தைரியம் இல்லை.

ஜெயக்கொடி உறுமினார். முத்திருளன் நின்றான். வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. முத்துக்கருப்பனின் இடது தோள் மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. "இரு மாப்ள, இன்னும் கொஞ்சம் பொறு" என்று கூட்டாளிகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது புளியமரத்தடியில் தகரச் சத்தம் கேட்டது. ஜலீல் பேரீச்சம்பழ டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது. ஜெயக்கொடி திரும்பி முறைத்தார். முப்பது வருஷம் உறுமியைக் கட்டினவர். இரண்டு சுற்றுக் கேட்டார். மூன்றாவது சுற்றில் அந்த மிச்சம் இருக்கிற ஒன்று எங்கே விழுகிறது என்று பிடித்துக்கொண்டார். உறுமி ஒன்பதுக்கு மாறியது.

முத்திருளன் கையை விரித்தான். கண் தானாக மூடியது. சுற்றினான், சாய்ந்தான், குனிந்து தரையை அறைந்தான். தரையில் கிடந்த கருவேல முள் காலில் ஏறியது. ஏறட்டும் என்று ஆடினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கள்ளிக்கரை இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. குலவை போட எங்கே இடைவெளி என்று தெரியாமல் பொம்பளைகள் விழித்தார்கள்.

"ஏய், சாமி நொண்டுதுடா!" என்றது ஒரு குரல்.

விருமாண்டி முன்னால் வந்து நின்று, வழக்கப்படி, கேட்கவேண்டியதைக் கேட்டார். "வந்திருக்கது யாரு? பேரைச் சொல்லு!"

'கருப்பன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காப்பு கையோடு தங்கிவிடும். ஆத்தா பகலில் தண்ணீர் எடுக்கப் போகலாம். முத்திருளன் கண்ணைத் திறந்தான். அய்யாவின் காப்பு கண்ணில் பட்டது. அதைப் போட்டுக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"சாமி வரல மாமா" என்றான். "எங்கய்யா நெனப்புத்தான் வந்துச்சு."

உறுமி நின்றது. முத்துக்கருப்பனின் கூட்டாளிகள், "கேட்டுக்கிட்டீகளா? அவனே சொல்லிட்டான்!" என்று கத்தினார்கள். முத்துக்கருப்பனின் தோள் இரண்டும் சேர்ந்து துடிக்கத் தொடங்கியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சோலையம்மாள் வந்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. குடத்தைச் சாய்த்து மகன் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள்.

"இருவது வருசம்" என்றாள் பூசாரியைப் பார்த்து. "இருவது வருசமும் எம்புருசன் ஆடி முடிச்சு, முள்ளை எடுத்துட்டு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கையில எங்கிட்டச் சொல்ற வார்த்தை இதுதாண்ணே. 'சாமி எங்க புள்ள வந்துச்சு, எங்கய்யா நெனப்புல்ல வந்துச்சு'ன்னு சொல்வாரு. வெளிய சொல்லாதேம்பாரு. நானும் சொல்லலை. இவன் ஒளிக்கத் தெரியாத பய, ஊருக்கு முன்னாலயே சொல்லிப்புட்டான்."

விருமாண்டி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்ப அதே ஆளுதான் வந்திருக்கு" என்றார். "சங்கை ஊதுங்கடா."

சங்கு ஊதினார்கள். குலவை எழும்பியது. முதலில் வந்து காலில் விழுந்தது முத்துக்கருப்பன்தான். "அண்ணே, எனக்கு அப்பவே தெரியும்" என்றான். அவன் தோள் சுத்தமாகக் குணமாகியிருந்தது. மழை உண்டா என்று கேட்டார்கள். "தெரியல. பேஞ்சா நல்லது" என்றான் முத்திருளன். கருப்பன் அதுவரை சொன்ன வாக்கிலேயே தப்பாமல் பலித்தது அது ஒன்றுதான் என்று ஊரில் இப்போதும் பேச்சு.

நொண்டினது ஏன் என்பதை மட்டும் பெரியவர்கள் மறுநாள் வரை விவாதித்தார்கள். கடல் தாண்டிப் போய்த் திரும்பிய சாமி. கோயில் மண்குதிரைக்கோ முன்னங்கால் விரிசல். குதிரை தள்ளிவிட்டிருக்கும் என்று முடிவானது. ஊர் வரி போட்டுப் புதுக்குதிரை செய்து வைத்தார்கள். அடுத்த வைகாசியிலும் சாமி நொண்டியது. புதுக்குதிரை இன்னும் பழகவில்லை என்றார் விருமாண்டி.

சங்கு ஊதின அன்றைக்கே கம்மாய்க் கரையில் ஜலீல் ஊக்கை வைத்து முள் எடுத்தான். முத்திருளன் கத்தினான்.

"அவனுக்கு ஒரு கடுதாசி போடணும் மாமா" என்றான் கத்தலுக்கு நடுவே.

"போடலாம். எனக்குத் தெரிஞ்ச கிரேக்கத்துல 'விலை என்ன'ன்னு கேட்டு எழுதலாம். அவன் என்னத்தைப் பதில் போடுவான்? காலை ஆட்டாத மாப்ள."

கடுதாசி போகவில்லை. ஆனால், ஒவ்வொரு பொங்கலுக்கும் விடியற்காலை, கருப்பன் கல்லைக் குளிப்பாட்டுகிறபோது, சோலையம்மாள் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்து வருகிறாள். வருஷம் முழுக்கக் காய்ந்து, கைமுட்டி அளவாகச் சுருங்கிக் கிடப்பது, மஞ்சள் தண்ணீரில் போட்டதும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தேங்காய் அளவுக்கு ஊதி நிற்கும். முத்திருளன் அதை வாங்கி, கல்லின் தலையிலிருந்து அடிவரை தேய்ப்பான். வலது கால் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் தேய்ப்பான்.